அடுக்களை மேடைக்குப் பின்சுவரில் டைல்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

பொருநைக்கரை:

கல்லிடைக்குறிச்சியில் என் தாத்தா கட்டிய வீட்டின் அடுக்களையை இப்போது மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அறை 10 அடிக்கு 8 அடி. விறகடுப்பு இருந்த இடத்தைச் சமன்செய்து, கிழக்குச் சுவரை ஒட்டி 10 அடி நீளத்துக்குக் கிரானைட் மேடை போட்டாயிற்று. கேஸ் அடுப்பு அங்கேதான் வரும். வடக்கில் பழைய அங்கணத்தை இடித்துவிட்டுச் செங்கல்லும் சிமெண்டுமாகப் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறோம். அதை ஒட்டி இன்னும் 4 அடி மேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வருகின்றன. கிழக்குச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர், ஒன்றரை அடிக்குக் குறையாத கனம்.

நான்கு சுவர்களுக்கும் தரையிலிருந்து 7 அடிக்கு, அதாவது கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வரை, டைல்ஸ் ஒட்டினால்தான் அடுக்களை அடுக்களையாக இருக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். என் தாயாரோ, இந்தச் சுவருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது போதும், இனியும் அதுவே போதும் என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அழகைப் பற்றி நான் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அப்படி ஒரு காப்பு உண்மையிலேயே தேவைதானா, தேவையென்றால் எவ்வளவு உயரத்துக்கு, என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாளைப் பொறியாளர்:

ஒப்பந்தக்காரர் சொல்வதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 36 அடி. 7 அடி உயரத்துக்கு 252 சதுர அடி. கதவையும் ஒரு ஜன்னலையும் கழித்தாலும் 200 சதுர அடிக்குக் குறையாது. உங்கள் மேடையின் மொத்த நீளம் 14 அடி. அதன் மேல் 2 அடி உயரத்துக்கு ஒட்டினால் 28 சதுர அடியில் முடிந்துவிடும். மேடைக்கு அடியில் இருக்கும் சுவரில் சிலிண்டரும் அலமாரியும் மறைத்துக்கொள்ளும் பகுதிக்கு டைல்ஸ் ஒட்டுவது, யாரும் பார்க்காத, எதுவும் தெறிக்காத இடத்துக்குச் செலவழிப்பதாகும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் அதிகம் ஒட்டச் சொல்வதில் வியப்பில்லை. அவரை நான் குறைசொல்லவும் இல்லை.

உங்கள் தாயார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. விறகடுப்புக் காலத்தில் சுவருக்கு வந்த சேதம் பெரும்பாலும் கரிதான். கரியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெளுத்துவிடும். ஈரமும் புகையும் புகைபோக்கி வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் வெளியே போய்விடும். இன்றைய அடுக்களை வேறுவிதமானது. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது; ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். அந்தக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் நீர் அந்த அறைக் காற்றில் கலந்திருக்கும். சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவி இதில் சேராது. கான்கிரீட் கூரை போட்டு, ஜன்னலையும் சாத்திவைத்த அறையில் இந்த ஆவியோடு எண்ணெய்த் துளியும் சேர்ந்து சுவரில் படிகிறது. எண்ணெய் படிந்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அடித்த சில நாளில் செதில் செதிலாக உதிரும், அதுவும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்குள்ளேயே.

ஆகவே என் பதில்: காப்பு தேவை, ஆனால் இரண்டே இடங்களில். ஒன்று அடுப்புக்குப் பின்னால், மற்றது தொட்டிக்குப் பின்னால். இந்த இரண்டில் தொட்டிப் பக்கம்தான் முதன்மையானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடுப்புப் பக்கத்துக் கறை கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். தொட்டிப் பக்கத்துத் தண்ணீர் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இணைப்பில் சத்தமில்லாமல் இறங்கிப் பூச்சைப் பொரிய வைத்துவிடும்.

சாரல்காலம்:

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பொறியாளர் அண்ணாச்சி சொன்ன இரண்டு இடங்களுக்குக்கூட டைல்ஸ் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனி பிறந்ததும் எங்கள் ஊரில் சாரல் தொடங்கிவிடும். ஆடி முடியும் வரை துணி உலராது, தீப்பெட்டி நமத்துப்போகும். அந்த நாட்களில் என் தங்கை வீட்டு டைல்ஸ் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்று மேடையில் வடிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் அதே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் விட்டுவிடுகிறது. எங்கள் ஆச்சி அடுப்புக்குப் பின்னால் வைப்பதற்கென்றே ஒரு தகரம் வைத்திருந்தார். அப்பளம் பொரித்து முடித்ததும் அதை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைப்பார். அந்தச் சுவருக்கு எதுவும் ஆகவில்லை.

நாமும் முன்னைப்போல் தினம் மூன்று வேளையும் பொரித்துக்கொண்டிருக்கவில்லை. சொதியும் அவியலும் வைக்கும் வீட்டில் என்ன தெறித்துவிடப் போகிறது? மேடைக்கு மேல் ஓர் அடிக்கு எனாமல் பெயிண்ட் அடித்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தவரை டைல்ஸ் என்பது வீட்டுப் புகுவிழாவுக்கு வருகிறவர்களுக்காகத்தான்.

மேலப்பாளையத்து மருமகள்:

சொதி தெறிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் மேல் கொட்டும் தாளிப்பு தெறிக்கும். கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாகி வெடிப்பதால்தான் கடுகு பொரிகிறது. ஈரம் வடியாத கறிவேப்பிலையைப் போட்டால் இன்னும் அதிகம். வாணலிக்கு மேல் ஒரு முழம் வரை சுவரில் புள்ளி விழாத தாளிப்பை நான் பார்த்ததில்லை. கூட்டுக் குடும்பமாக இருந்து, வெள்ளிக்கிழமைகளில் பெரிய சட்டியில் கறி ஆணமும் நெய்ச்சோறும் ஆக்கும் எங்கள் வீட்டைப் போன்ற இடத்தில் எனாமல் பெயிண்ட் நிற்கவில்லை. முதலில் பளபளப்பாகத்தான் இருந்தது. பிறகு அடுப்புக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாகி, தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்து, கீறலில் எண்ணெய் ஏறி, கடைசியில் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது.

எந்த எண்ணெய் என்பதையும் பார்க்க வேண்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சுவரில் தங்கிவிட்டால் நாள்பட்டுப் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு பிசினாவதில்லை. பிசினானதைச் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊறவைத்துத்தான் எடுக்க முடியும். சுண்ணாம்பிலும் பெயிண்டிலும் அந்த வேலையைச் செய்ய முடியாது, டைல்ஸில் செய்யலாம்.

ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதே இல்லை. டைல்ஸ் துடைத்தால் போய்விடும், இடையில் உள்ள கோடு போகாது. வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்த கோடுகள் முதல் நோன்புப் பெருநாள் முடியும் முன்பே மஞ்சள் நிறமாகிவிட்டன. எங்கள் மாமியார் கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். கறையோடு சிமெண்டும் சேர்ந்து கரைந்து வந்தது. பிறகு கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி என்ற பிசின் கலவை வைத்து அடைத்தோம், அதன் பிறகு தொல்லை இல்லை. ஒட்டினால் பெரிய டைல்ஸாக, வழவழப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். கோடு குறைவாக இருக்கும். சொரசொரப்பான, மங்கலான டைல்ஸ் கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடாது.

பொருநைக்கரை:

இரண்டு பக்கமும் படித்தேன், நன்றி. என் கவலை கிழக்குச் சுவரைப் பற்றியதுதான். மழைக்காலத்தில் தரையிலிருந்து இரண்டடி வரை அந்தச் சுவர் கறுத்திருக்கும்; கோடையில் தானாகவே காய்ந்துவிடும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் தாங்குமா?

பாளைப் பொறியாளர்:

இதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் என் பதிலும் சற்று மாறியிருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். சுவரின் இரண்டு முகங்களிலும் சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் ஏறிய ஈரம் அந்த முகங்கள் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது, அதனால்தான் இரண்டடியில் நின்றுவிடுகிறது. ஒரு முகத்தைச் சிமெண்டாலும் டைல்ஸாலும் அடைத்தால், வெளியேற வழி இல்லாத ஈரம் இன்னும் உயரே ஏறும். அதோடு வரும் உப்பு, பூச்சுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் படிகமாகி, டைல்ஸைப் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்துத் தள்ளும். ஒரு வருடத்திலேயே விழும் என்று சொல்லவில்லை. ஆனால் விழும்போது டைல்ஸ் மட்டும் விழாது.

மேடை மட்டத்துக்கு மேலே ஈரம் இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள். மேடைக்கு மேல், சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டும் நாடாவால் ஒட்டிவிட்டு, ஒருநாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குள் சுவர்ப் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் டைல்ஸ் வேண்டாம். இதை ஐப்பசி, கார்த்திகையில் செய்ய வேண்டும். சித்திரையில் செய்தால் எந்தச் சுவரும் தேறிவிடும்.

டைல்ஸ் வேண்டாம் என்றால் காப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. சாரல்காலம் தம் ஆச்சியின் தகரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் டைல்ஸ் வேண்டாம் என்பதற்குச் சொன்ன சான்று, காப்பு வேண்டும் என்பதற்கும் சான்றாகிறது. அதையே இன்று துருப்பிடிக்காத 304 தர எவர்சில்வர் தகடாகச் செய்துகொள்ளலாம். அடுப்பின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் முக்கால் அடி கூட்டி, 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம். சுவரோடு ஒட்டிவிடாமல், அரை அங்குல இடைவெளி விட்டுத் திருகாணியில் மாட்டினால் பின்னால் சுவர் மூச்சுவிடும். மேடையும் சுவரும் சேரும் இடத்தில் அதே கிரானைட்டில் 4 அங்குலப் பட்டி ஒன்று மேடை நீளத்துக்கும் வைத்துவிடுங்கள். மீதிச் சுவருக்குச் சுண்ணாம்பு, தாயார் விருப்பப்படியே.

முக்கூடல் கொத்தனார்:

பொறியாளர் சாரிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். அரை அங்குல இடைவெளி விட்டுத் தகடு மாட்டினால், மூச்சுவிடுவது சுவராக இருக்காது, கரப்பான் பூச்சியாகத்தான் இருக்கும். சமையல் சூடும் எண்ணெய் வாடையும் உள்ள அந்த இடைவெளியை விட நல்ல குடியிருப்பு அதற்கு எங்கே கிடைக்கும்?

பழைய சுவரில் டைல்ஸ் விழுகிறது என்றால் பாதி நேரம் ஒட்டியவர் மேல்தான் குற்றம். வெள்ளையடித்த சுவர் மேலேயோ பெயிண்ட் மேலேயோ அப்படியே ஒட்டினால் டைல்ஸ் சுவரைப் பிடிக்காது, வெள்ளையைத்தான் பிடிக்கும். வெள்ளை உரியும்போது டைல்ஸும் வந்துவிடும். பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, புதிதாகப் பூசி, அந்தப் பூச்சுக்குத் தண்ணீர் காட்டி ஆறவிட்டு, அதன் பிறகு ஒட்ட வேண்டும். சாதாரண சுவர் டைல்ஸ் தண்ணீரை நிறையக் குடிக்கும்; சிமெண்ட் பாலில் ஒட்டுவதாக இருந்தால் முதலில் தொட்டியில் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து, ஈரம் வடிந்ததும் ஒட்ட வேண்டும். கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிக்காது, அதைச் சிமெண்ட் பாலில் ஒட்டவும் கூடாது. அதற்கென்று பசை மூட்டை இருக்கிறது. ஒட்டி முடித்து மறுநாள் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கூலியைக் கொடுத்த பிறகு சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

மேடைக் கல்லை முதலில் வைத்து, டைல்ஸ் அதன் மேல் உட்காரும்படி ஒட்டுவதுதான் முறை. சிலர் அவசரத்தில் டைல்ஸை முதலில் ஒட்டிவிட்டுக் கல்லைச் சுவரோடு இடிக்கிறார்கள். அப்போது டைல்ஸில் வழியும் தண்ணீர் நேராக இடுக்கில் இறங்கும். இணைப்பில் சிலிக்கோன் பசை பூசி விரலால் வழித்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

உங்கள் வடக்குச் சுவர் புதுச் செங்கல் சுவர். அதற்கு இந்தப் பேச்செல்லாம் வேண்டாம், தாராளமாக டைல்ஸ் ஒட்டலாம்.

பாளைப் பொறியாளர்:

கொத்தனார் சொன்ன ஒட்டும் முறையில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வது சுவரின் முகத்தைப் பற்றி. நான் சொல்வது அடியிலிருந்து ஏறும் ஈரத்தைப் பற்றி. பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டில் பூசினாலும் அந்த ஈரம் நிற்காது. பாலித்தீன் சோதனையில் சுவர் காய்ந்திருந்தால் கொத்தனார் சொன்னபடி செய்யுங்கள், எனக்கு மறுப்பில்லை. கரப்பான் பூச்சியைப் பற்றி அவர் சொன்னது சரியான எதிர்ப்பு. தகட்டை நான்கே திருகாணியில் மாட்டி, மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ முடிகிறவர்கள் மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும்.

தேரிக்காற்று:

திசையன்விளைப் பக்கம். எங்களுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு, உங்கள் அம்பாசமுத்திரப் பக்கத்தாருக்கு இரண்டும் தெரியாது.

முதலாவது காற்று. ஆடிக் காற்றில் ஜன்னலுக்கு நேரே அடுப்பு வைத்தால் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் ஜன்னலை விட்டுத் தள்ளி, மூடிய சுவரை ஒட்டியே அடுப்பை வைக்கிறோம். ஜன்னலுக்கு எதிரே இருந்தால் பாதித் தெறிப்பு ஜன்னல் வழியே போய்விடும். சுவரை ஒட்டி வைத்த பிறகு எல்லாம் சுவருக்குத்தான். எங்கள் பகுதியில் அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இல்லாத புது வீட்டைப் பார்ப்பது அரிது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது தண்ணீர். உங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர். எங்களுக்கு உப்புப் பிடித்த போர்த் தண்ணீர். குழாய்க்குப் பின்னால் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்ததும் வெள்ளை வட்டமாக நிற்கும். கறுப்பு டைல்ஸ் ஒட்டியவர்கள் தினமும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெளிர் நிறத்தில், வழவழப்பாக, மேலே எந்தக் கோலமும் இல்லாத டைல்ஸ் ஒட்டியவர்கள் வாரம் ஒருமுறை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் அதே எலுமிச்சையைக் கடப்பைக் கல் மேடையில் சிந்தினால் கல்லின் மினுக்கம் போய்விடும், கவனம்.

தூரத்து நெல்லைக்காரர்:

மும்பையில் இருக்கிறேன்; ஊரில் வீடு கட்டும் எண்ணம் உண்டு. இங்கே புது அடுக்குமாடிகளில் மேடைக்குப் பின்னால் ஒரே கண்ணாடியாகப் பதிக்கிறார்கள், கோடே இல்லை. அது நம் ஊருக்கு ஒத்துவருமா? ஆத்தங்குடி டைல்ஸை மேடைக்குப் பின்னால் ஒட்டினால் என்ன என்றும் தோன்றுகிறது, எனக்கு அந்தப் பூ வேலைப்பாடு மிகவும் பிடிக்கும்.

பாளைப் பொறியாளர்:

கண்ணாடி நல்ல பொருள்தான், ஆனால் சூடு தாங்கும்படி பதப்படுத்திய டஃப்பன்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். பதப்படுத்திய பிறகு அதில் துளை போட முடியாது, போட்டால் முழுவதும் நொறுங்கிவிடும். ஆகவே ஸ்விட்ச் பெட்டி, குழாய் எங்கே வரும் என்பதை அங்குலக் கணக்கில் முடிவுசெய்து முன்கூட்டியே வெட்டித் தரச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சுவர் நூல்பிடித்ததுபோல் நேராக இருப்பது கொத்தனாரின் கைவாகைப் பொறுத்தது. டைல்ஸ் என்றால் பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். ஒரே கண்ணாடியில் அது நடக்காது.

ஆத்தங்குடி வேண்டாம். அது சூளையில் சுடாத சிமெண்ட் டைல்ஸ். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. எண்ணெயை உறிஞ்சும், புளி, எலுமிச்சை பட்டால் அரிக்கும். தரையில் கால்பட்டுத் தேய்ந்து மெருகேறுவதுதான் அதன் அழகு, சுவரில் யார் நடக்கப் போகிறார்கள்?

அப்பளக்கட்டு:

வீட்டிலேயே அப்பளம், வடகம், ஊறுகாய் செய்து விற்கிறவர்கள் இந்த இழையைப் படித்தால், அவர்களுக்கு ஒரு தகவல். உங்கள் சமையலறை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்டதாக இருந்தால், சுவர் வழவழப்பாகவும் எளிதில் கழுவக்கூடியதாகவும், பெயிண்டோ பூச்சோ உதிராததாகவும் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு உரிமம், பதிவு விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. டைல்ஸ்தான் ஒட்ட வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் தொட்டால் கையில் ஒட்டும் சுண்ணாம்பு அந்தச் சொற்களுக்குள் எப்படி அடங்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் வேலை செய்யும் அறையில் ஐந்தடி வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டார் சமைத்துச் சாப்பிடும் அடுக்களையில் அடுப்புக்குப் பின்னால் மட்டும்தான். இரண்டு அறைக்கும் தேவை வேறு.

வண்ணைவாசி:

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. வடிந்த பிறகு, தரையிலிருந்து டைல்ஸ் ஒட்டிய அடுக்களைச் சுவர்தான் வீட்டிலேயே கடைசியாகக் காய்ந்தது. சேறு மட்டும் ஒரே நாளில் கழுவி முடிந்தது. ஆற்றங்கரைக்காரர்கள் இரண்டையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள். இன்று கேட்டால் மேடைக்கு மேலே மட்டும் ஒட்டச் சொல்வேன்.

சாரல்காலம்:

தாளிப்பைப் பற்றி மேலப்பாளையத்து மைனி எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவரின் மேல் சொல்லப்பட்ட குற்றங்களோடு, இதுவரை யாரும் சொல்லாத இன்னொன்றை நானே சேர்க்கிறேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சள் கலந்த குழம்பு தெறித்தால் அந்த இடம் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதற்குக் காரணம் எதுவோ அதுவேதான். சுண்ணாம்பு நாள்பட்டுக் காரம் குறைந்த பிறகு மஞ்சள் மஞ்சளாகவே தங்கும். வெயில் படும் சுவராக இருந்தால் மெல்ல வெளுத்தும் விடும். எங்கள் அடுக்களையில் காலை வெயில் சுவரில் நேராக விழுவதால் கறை தங்குவதில்லை. வெயில் புகாத அடுக்களைக்கு என் யோசனை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு சுவருக்கும் ஏழடி என்பதை மட்டும் எந்த வீட்டுக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொருநைக்கரை:

பாலித்தீன் சோதனையைக் கிழக்குச் சுவரில் இரண்டு இடங்களில் செய்தோம். தொட்டிப் பக்க மூலையில் நீர் கோத்தது. அடுப்பு வரும் இடத்தில் லேசாகப் பனித்தது. மழை ஓய்ந்து சில நாட்கள்தான் ஆகின்றன. அதனால் கிழக்குச் சுவருக்குக் கிரானைட் பட்டியும் எவர்சில்வர் தகடும், வடக்குச் சுவருக்கு டைல்ஸும் என்று முடிவுசெய்திருக்கிறோம். தகட்டைக் கழற்றிக் கழுவும் பொறுப்பு என்னுடையது என்று தாயார் என்னிடம் எழுதி வாங்காத குறைதான்.

வடக்கில் 4 அடி நீளத்துக்கு 2 அடி உயரம். தொட்டியை ஒட்டிய பக்கத் தடுப்பில் 2 அடிக்கு 2 அடி. மொத்தம் 12 சதுர அடி வருகிறது. 1 அடிக்கு 2 அடி அளவு டைல்ஸ் பார்த்திருக்கிறோம். எத்தனை வாங்க வேண்டும்? மிக்சிக்கும் கிரைண்டருக்கும் பிளக் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

முக்கூடல் கொத்தனார்:

ஒரு டைல்ஸ் 2 சதுர அடி. 6 டைல்ஸ் சரியாக வரும். ஆனால் ஏற்றி இறக்கும்போது ஒன்றாவது உடையும், குழாய்த் துளை போடும்போது இன்னொன்று போகலாம். எனவே எட்டுக்குக் குறையாமல் கையில் இருக்க வேண்டும். கடையில் பெட்டியாகத்தான் கொடுப்பார்கள், இரண்டு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். டைல்ஸை நிறுத்தி ஒட்டாமல் படுக்கவைத்து ஒட்டினால் உங்கள் 4 அடிக்கு வரிசைக்கு இரண்டு என்று வெட்டே இல்லாமல் அமைந்துவிடும். பக்கத் தடுப்புக்கும் வரிசைக்கு ஒன்று.

பிளக் தொட்டிக்கு மேலேயும் வேண்டாம், அடுப்புக்குப் பின்னாலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், மேடைக்கு ஓர் அடி மேலே வையுங்கள். உங்களுக்கு அது கிழக்குச் சுவரில் வரும். தகடு முடிகிற இடத்துக்கு அப்பால், நீர் கோத்த அந்த மூலைக்குப் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீசியனைப் பூச்சு வேலைக்கு முன்பே வரச்சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு வந்து பள்ளம் வெட்டுவதுதான் அவர்கள் வழக்கம்.

பெட்டியின் மேல் ஷேடு எண்ணும் தொகுப்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். இரண்டு பெட்டியிலும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து ஏற்றுங்கள். ஒரே பெயரில் ஒரே வடிவத்தில் இருந்தாலும் வேறு தொகுப்பு என்றால் சுவரில் ஏறிய பிறகு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மிச்சப்படும் டைல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் குழாயை மாற்ற நேர்ந்து ஒன்று உடைந்தால், அதே டைல்ஸ் அன்றைக்குக் கடையில் இருக்காது.